சரக்குப் போக்குவரத்தில் வேலையின் போக்கு

காலையில் நாம் உண்ணும் ரொட்டிக்கு வேண்டிய கோதுமை நம் நாட்டில் விளைவதன்று. குழம்பிற்கு இடும் பருப்பும் மிளகாயும் பெரும்பாலும் கடல் கடந்து வருவனவே. அவ்வாறே நம் நாட்டு ரப்பரும் செம்பனை எண்ணெயும் கடல் கடந்து சென்றுதான் பணமாகின்றன. ஒரு பொருள் விளையும் இடத்திற்கும் பயன்படும் இடத்திற்கும் இடையே நிகழும் இப்பயணத்தையே சரக்குப் போக்குவரத்து என்கிறோம். ஏற்றுதல், இறக்குதல், ஓட்டுதல், கிடங்கில் அடுக்குதல், கணக்கு எழுதுதல் ஆகிய யாவும் இத்தொழிலின் உறுப்புகளாம்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தோட்டத்தைப் போலவே சோறு போட்ட தொழில்களுள் இதுவும் ஒன்று. இதைப் பற்றி மாறுபட்ட இரு பேச்சுகள் இன்று நம் செவியில் விழுகின்றன. “இயந்திரம் வந்துவிட்டது; இனி ஆளுக்கு வேலை ஏது?” என்பர் ஒரு சாரார். “லாரி ஓட்ட ஆள் கிடைக்கவில்லையே!” என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒரே காலத்தில் எவ்வாறு உண்மையாக இருத்தல் கூடும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியும் படகும் புகைவண்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டுச் சாலைகளில் சரக்கு இழுத்தவை மாட்டு வண்டிகளே. அவற்றை ஓட்டியவருள் தமிழர் பலர். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியில் மாட்டுத் தொழில் வளர்ந்தது. அதைச் சுற்றித் தமிழர் குடியிருப்பும் வளர்ந்தது. சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிய படகுத் தொழில், தொடக்கத்தில் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. பின்னரே அது சீனர் வசம் சென்றது.

1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 8 மைல் நீளமுள்ள இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் புகைவண்டிப் பாதை இதுவே. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே இதன் முதல் வேலை. அடுத்த ஆண்டில் கோலாலம்பூரும் கிள்ளானும் இணைக்கப்பட்டன. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்குகிறது.

மாட்டு வண்டியால் பிழைத்தவருள் ஒரு பகுதியினர் புகைவண்டியால் தொழில் இழந்தனர் என்பது உண்மையே. ஆயினும் தண்டவாளம் இடவும், பழுது பார்க்கவும், சரக்கு ஏற்றவும், நிலையத்தில் கணக்கு எழுதவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். கைவேலைக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். நிலைய அதிகாரி, கிராணி ஆகிய பதவிகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்றோர் வந்தனர். ஒரே இருப்புப்பாதை ஒருவனுக்குக் கடப்பாரையையும் மற்றொருவனுக்கு எழுதுகோலையும் கொடுத்தது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பிறந்த ஊர் அன்று. அவ்வூரில் பள்ளி இருந்ததா என்பதே. இதனை நினைவில் கொள்க. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

முதுகில் ஏறிய சுமை

தஞ்சோங் பகாரில் 1864இல் ஒரு கப்பல்துறைக் கும்பினி தோன்றியது. அதை அரசு 1905இல் எடுத்துக்கொண்டது. 1913இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியமும், 1964இல் சிங்கப்பூர்த் துறைமுக ஆணையமும் அமைந்தன. இவ்வளவு காலமும் துறைமுகத்தின் உண்மையான இயந்திரம் மனிதனுடைய முதுகெலும்பே.

கப்பலின் அடியறையில் மூட்டைகளும், பெட்டிகளும், பீப்பாய்களும், ரப்பர்க் கட்டுகளும் கலந்து கிடக்கும். இருபது பேர் அளவில் ஒரு கூட்டம் சேர்ந்து அவற்றை வலையில் இட்டுத் தூக்கி, கரையில் இறக்கி, கிடங்கில் அடுக்கும். ஒரு கப்பலை ஒழிக்க ஒரு வாரம் ஆவதும் உண்டு. கப்பல் வந்தால் கூலி, வாராவிட்டால் பட்டினி. காலையில் துறைமுக வாயிலில் கூடி நிற்போருள் சிலரை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கம் இலண்டன், நியூயார்க், பம்பாய் எனப் பல நகரங்களில் இருந்தது. பொறுக்கி எடுப்பவனுக்குக் கையூட்டுக் கொடுத்தவனுக்கே வேலை என்ற கொடுமையும் அதனோடு பிறந்தது. இக்கொடுமையைக் களையவே பிரிட்டன் 1947இல் துறைமுகத் தொழிலாளர் பதிவுத் திட்டத்தைக் கொணர்ந்தது. இந்தியா 1948இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. பெயர் பதிவானவனுக்கு வேலையில்லா நாளிலும் ஓரளவு ஊதியம் உண்டு என்பதே இவற்றின் சாரம்.

பழைய துறைமுகத்தைப் பொற்காலமாகப் பாடுவோர் இதனை மறந்துவிடலாகாது. அங்கு வேலை மிகுதி. வேலையின் உறுதியோ குறைவு.

பெட்டி செய்த புரட்சி

“ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்” என்பது நம் முன்னோர் மொழி. அமெரிக்காவில் லாரித் தொழில் நடத்திய மால்கம் மக்லீன் என்பார் இதை நேராகவே செய்து காட்டினார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், லாரிகளின் உடற்பெட்டிகளாகிய 58 பெட்டிகளைச் சக்கரங்களின்றித் தனியே தூக்கி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அக்காலத்தில் உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு ஏறத்தாழ 6 அமெரிக்க வெள்ளி செலவாயிற்று. இம்முறையிலோ 16 காசு! கொள்கலன் பிறந்த வரலாறு இதுவே.

சிங்கப்பூரின் முதல் கொள்கலன் கப்பலாகிய ‘நிஹோன்’, 1972ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், ஐரோப்பாவின் ராட்டர்டாம் நகரிலிருந்து 300 பெட்டிகளுடன் தஞ்சோங் பகாரை அடைந்தது. மறு ஆண்டே கிள்ளானிலும் கொள்கலன் துறை இயங்கத் தொடங்கியது.

இதன் விளைவைக் கரும்பலகைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் 50 கிலோ அரிசி மூட்டைகள் 400 வைக்கலாம்; எடை 20 டன். துறைமுகப் பாரந்தூக்கி ஒன்று மணிக்கு 25 பெட்டிகளைத் தூக்குவதாகக் கொள்வோம். ஆக, மணிக்கு 500 டன். பழைய முறையில் இருபது பேர் கொண்ட கூட்டம் மணிக்கு 10 டன் இறக்குவதாகக் கொண்டால், அதே 500 டன்னுக்கு 50 கூட்டம் வேண்டும். அதாவது 1,000 பேர். இன்று பாரந்தூக்கியில் ஒருவர் இருக்கிறார். கீழே சிலர் உடனுழைக்கின்றனர். எல்லாப் பெட்டியும் நிறைந்து வருவதில்லை. ஆதலின் இது தோராயக் கணக்கே. எனினும் மாற்றத்தின் அளவு விளங்கும்.

இங்கே மாணாக்கன் ஒருவன் கேட்கத்தக்க கேள்வி உண்டு: அந்த 400 மூட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கியவர் யார்? அரிசி ஆலையிலோ ஊருக்குள் இருக்கும் கிடங்கிலோ வேறு சிலர் அடுக்கினர். அதாவது, துறைமுகத்தின் வேலையில் ஒரு பங்கு ஒழிந்தது. ஒரு பங்கு கடற்கரையை விட்டு நாட்டின் உட்புறத்திற்குக் குடிபெயர்ந்தது. இத்தொழிலின் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல் எனலாம். சரக்குப் பெருகும்போது வேலை அடியோடு அழிவதில்லை. ஆனால் அது நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை.

பிழைத்தவரும் விடுபட்டவரும்

வேலை இடம் பெயர்கிறது என்று ஏட்டில் எழுதுதல் எளிது. ஐம்பது வயதில் மூட்டை தூக்கியவனால் அதனுடன் பெயர இயலுமா? இவ்வினாவிற்கு நாடுகள் வெவ்வேறு விடை தந்தன.

அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிற்சங்கம் 1960இலேயே முதலாளிகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களைத் தடுப்பதில்லை எனச் சங்கம் ஒப்பியது. இலாபத்தின் ஒரு பகுதியை முதலாளிகள் நிதியாக ஒதுக்கினர். பதிவு பெற்ற தொழிலாளர்க்கு ஆட்குறைப்பு இல்லை. முன்கூட்டியே ஓய்வு பெறுவோர்க்குப் பணம் உண்டு. மாற்றம் வருமுன்பே அதற்கு விலை பேசிய அறிவுடைமை இது. ஆயின் இந்த உறுதி முழுப் பதிவு பெற்றவர்க்கே வாய்த்தது. தற்காலிகமாக உழைத்தோர் அதற்கு வெளியே நின்றனர்.

பிரிட்டனில் நடந்தது வேறு. 1950களில் அங்கே பதிவு பெற்ற துறைமுகத் தொழிலாளர் முக்கால் லட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். 1989இல் பதிவுத் திட்டம் ஒழிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 9,400 பேர். இலண்டன் நகரின் பழைய கப்பல்துறைகள் 1967 முதல் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1981இல் அரச கப்பல்துறைகளும் மூடின. பதிவுத் திட்டத்திற்கு உட்படாத பெலிக்ஸ்டோ என்னும் சிறு துறைமுகமோ நாட்டின் முதன்மையான கொள்கலன் துறையாக வளர்ந்தது. சரக்குக் குறையவில்லை; ஊர் மாறியது. தொழிலாளி பாதுகாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்; அவன் நின்ற துறைக்குக் கப்பல் வரவில்லை.

நம் பக்கத்தில், சிங்கப்பூர் ஆற்றின் சரக்குத் தொங்கான்கள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. ஆறு தூய்மையாயிற்று, நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு தொழில் அவ்விடத்தில் முடிந்தது. மலேசியாவில் கிள்ளான் கொள்கலன் முனையம் 1986இல் தனியார் வசம் சென்றது. தனியார்மயத்தில் மாற்றப்படும் ஊழியரை முதல் ஐந்தாண்டுக் காலம் ஆட்குறைப்புச் செய்யலாகாது என்பது அரசின் கொள்கையாக இருந்தது. இது நிலையான தீர்வு அன்றாயினும், மூச்சு விட இடம் தந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. மாற்றத்தால் கெட்டவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். தப்பியவர் எல்லாரும் திறமைசாலிகளும் அல்லர். ஏட்டில் பெயர் இருந்ததா, மறுதொழில் கற்க அவகாசம் கிடைத்ததா என்பவையே பலருடைய விதியை முடிவு செய்தன.

வேலை எங்கே சென்றது?

கடற்கரையை விட்ட வேலை முதலில் சாலைக்கு ஏறியது. கொள்கலன் என்பது வீட்டு வாசல் வரை வரும் சரக்கு. அதை இழுக்க லாரி வேண்டும். 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை நிறைவு பெற்றபின், தீபகற்பம் முழுவதும் இரவு பகலாக லாரிகள் ஓடலாயின. இதே காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாற்றப்பட்டும் வந்தன. வீடும் வேலையும் ஒருங்கே இழந்த குடும்பங்களின் இளைஞர் பலர் லாரி ஓட்டுநரும் உதவியாளரும் ஆயினர். தோட்டப் பள்ளியில் பணியாற்றும் என்னைப் போன்றோர் இதனை நேரில் கண்டவர்கள். எங்கள் பழைய மாணவர்களின் தொழிலைக் கணக்கெடுத்தால், பெரிய லாரியின் சக்கரத்தைப் பிடித்தவர் ஒவ்வோர் ஆண்டு வகுப்பிலும் சிலர் இருப்பர்.

அங்ஙனமாயின் ஓட்டுநர்க்குப் பஞ்சம் ஏன்? இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 2021இல் பிரிட்டனில் எண்ணெய் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டு செல்லப் போதிய ஓட்டுநர் இன்றிப் படைவீரர்கள் லாரி ஓட்டினர். ஜப்பானில் ஓட்டுநர்கள் அளவுக்கு மீறி உழைத்து மாண்டுபோவதைத் தடுக்க, 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 960 மணிக்கு மேல் மிகைநேர வேலை கூடாது எனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரே, அங்கே சரக்கு ஓடிக்கொண்டிருந்தது எவ்வளவு மிகை உழைப்பின் மேல் என்பது நாட்டிற்கு விளங்கியது. ஓட்டுநர் பலர்க்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. துறைமுக வாயிலில் காத்துக் கிடக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. வீட்டில் உறங்கும் இரவு சில. முதியவர் ஓய்வு பெறுகின்றனர். இளைஞர் இவ்வாழ்வைக் கண்டு ஒதுங்குகின்றனர். ஆதலின் ஆள் பஞ்சம் என்பது பல சமயம் நல்ல கூலிக்கும் ஓய்விற்கும் ஏற்பட்ட பஞ்சமே.

வேலையின் மற்றொரு பகுதி கிடங்கிற்கும் வீட்டு வாசலுக்கும் சென்றது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளை நோய்க்குப் பின், மோட்டார் சைக்கிளில் பொட்டலம் சுமக்கும் இளைஞரைக் காணாத தெரு இல்லை. இவர்களின் நிலை பழைய துறைமுக வாயிலை நினைவூட்டுகிறது. பொறுக்கி எடுக்கும் மேஸ்திரிக்குப் பதிலாகக் கைப்பேசி வந்திருக்கிறது. வேலை வந்தால் கூலி, இல்லையேல் இல்லை. இக்குறையைக் களையத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகையோர்க்கு விபத்து இழப்பீட்டிற்கும் சேமநிதிக்கும் வழி செய்தது. மலேசிய நாடாளுமன்றத்திலும் இவர்களுக்கான சட்ட மசோதா 2025இல் நிறைவேறியது.

நாளைய துறைமுகம்

சிங்கப்பூர்த் துறைமுகம் 2024இல் கையாண்ட கொள்கலன் அளவு, இருபது அடிப் பெட்டிக் கணக்கில், 4 கோடியே 11 லட்சத்திற்கு மேல். கிள்ளான் துறைமுகம் அதே ஆண்டில் 1 கோடியே 46 லட்சம் அளவில் கையாண்டது. 1972இல் வந்த 300 பெட்டிகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பே மேலிடும்.

2022 செப்டம்பரில் சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 6.5 கோடிப் பெட்டிகளை அது கையாள இயலும். அங்கே பெட்டிகளைக் கொண்டு செல்பவை ஓட்டுநர் இல்லா மின்வண்டிகள். கிடங்கு முற்றத்துப் பாரந்தூக்கிகள் தாமே இயங்குகின்றன; ஒரே ஆள் அறையில் அமர்ந்து பலவற்றைக் கண்காணிக்கிறார். மூட்டைக்காரனை நீக்கிய பாரந்தூக்கி ஓட்டுநரும் இன்று அறைக்குள் மாற்றப்படுகிறார். ஆயினும் கப்பல் தளத்தில் பெட்டிகளை இரும்புக் கம்பியால் பிணைக்கவும் அவிழ்க்கவும் இன்னும் மனிதக் கை வேண்டும். வண்டியின் மின்கலத்தைப் பழுது பார்க்கவும், கணினியைச் சரி செய்யவும், சுங்கப் பத்திரங்களைப் பிழையின்றி அனுப்பவும் ஆள் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2000ஆம் ஆண்டில் மெர்ஸ்க் என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் சரக்கு மாற்று வேலையைச் சிங்கப்பூரிலிருந்து ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாசுக்கு மாற்றியது. நீரிணையின் ஒரு கரையில் குறைந்தது மறுகரையில் கூடியது. இயந்திரத்தால் மட்டுமன்றி, கப்பல் முதலாளியின் ஒரே முடிவாலும் வேலை ஊர் மாறும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யத்தக்கன

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். வேலை இல்லை என்பாரும் ஆள் இல்லை என்பாரும் ஒரே தொழிலின் இருவேறு இடங்களைப் பார்த்துப் பேசுகின்றனர். தசை வலிமை ஒன்றையே கேட்கும் இடத்தில் வேலை சுருங்குகிறது. எழுத்தும் எண்ணும் கைத்திறனும் சேர்ந்து கேட்கும் இடத்தில் ஆள் போதவில்லை. இடையில் நிற்கும் லாரித் தொழிலோ ஆளைத் தேடுகிறது. ஆனால் வந்தவரை நிறுத்திவைக்கும் வகை அறியாது தவிக்கிறது.

எனவே பெற்றோர்க்கு ஒரு சொல். “லாரி ஓட்டுவேன்” என்று மகன் சொன்னால் அவனைக் கடியாதீர்கள். அது நேர்மையான தொழில். நாட்டின் உணவு அதனால் நகர்கிறது. ஆயின் சரக்கு வாகன உரிமத்தோடு இன்னொரு திறனையும் கைக்கொள்ளச் சொல்லுங்கள். டீசல், மின்சார இயந்திரப் பழுது பார்த்தலாகலாம், கிடங்குக் கணக்காகலாம், சுங்கப் பத்திர வேலையாகலாம். ஐடிஐ எனப்பட்டு இன்று ஐஎல்பி எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை எட்டிப் பாருங்கள். மகளுக்கும் இவற்றை மறுக்க வேண்டா. முதுகு வலிமை கேட்ட காலத்தில் துறைமுகம் ஆணுக்கே உரியதாயிருந்தது. கணினித் திரையைக் கண்காணிக்க ஆணென்ன, பெண்ணென்ன?

ஆசிரியர்க்கும் ஒரு சொல். எடை, தொலைவு, நேரம், விழுக்காடு ஆகியவற்றைக் கற்பிக்கும்போது கொள்கலனையும் லாரியையும் உதாரணமாகக் கொள்ளுங்கள். மலாயும் ஆங்கிலமும் வாசித்துப் பொருள் அறியும் பழக்கத்தை ஊட்டுங்கள். சரக்கோடு செல்லும் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவன் கிராணியாகவும் உயரலாம். தெரியாதவன் அதில் கைநாட்டு மட்டுமே இடுவான்.

தொழிற்சங்கத்தார்க்கும் முதலாளிமார்க்கும் கூறத்தக்கது 1960ஆம் ஆண்டின் பாடமே. இயந்திரம் வந்து இறங்கிய பின் வழக்காடுவதினும், வருமுன் உட்கார்ந்து பேசுதல் நன்று. அவ்வாறு பேசுங்கால் நிரந்தர ஊழியரின் பெயரை மட்டும் எழுதாமல், ஒப்பந்தக்காரரின் கீழ் உழைப்போர் பெயரையும் எழுத வேண்டும். ஏட்டில் இல்லாதவன் இழப்பீட்டிலும் இல்லை என்பதை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது.

அன்று ஒரே இருப்புப்பாதையில் ஒருவனுக்குக் கடப்பாரையும் மற்றொருவனுக்கு எழுதுகோலும் கிடைத்ததற்குக் காரணம் அருகில் பள்ளி இருந்ததும் இல்லாததும் ஆகும். இன்று நம் குழந்தைகளுக்கு அருகில் பள்ளி இருக்கிறது. அதை அவர்கள் முழுதும் பயன்கொள்ளச் செய்வது நம் கடமை.